‘எஃபிஷியன்ட்’ என்றால் யார்?

பென்னாகரம் பக்கம் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவன் போன மாதம் கேட்டான்: “அக்கா, நம்ம ஆளுங்க வேலைக்கு வந்தா நிர்வாகம் கெட்டுடும்னு சட்டத்துலயே இருக்காமே?” பயிற்சி வகுப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாள் வகுப்புக்கே போகவில்லையாம்.

சட்டத்தில் அப்படி இல்லை தோழர்களே. ஆனால் அப்படி வாசிக்க இடம் கொடுக்கும் ஒரு சொல் இருக்கிறது. அரசுப் பணி நியமனங்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் கோரிக்கைகளைக் கருத்தில் கொள்ள வேண்டும், ஆனால் நிர்வாகத்தின் ‘எஃபிஷியன்சி’ குலையாதபடி என்கிறது பிரிவு 335. வரைவில் இது பிரிவு 296. அப்போது எல்லாச் சிறுபான்மையினருக்கும் பொதுவாக இருந்தது. 1949 அக்டோபரில் நமக்கும் பழங்குடியினருக்கும் மட்டும் என்று சுருக்கினார்கள். நிபந்தனை மட்டும் சுருங்காமல் கூடவே வந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கும் பொருந்தும் 16(4)இல் இந்தச் சொல்லே கிடையாது.

‘எஃபிஷியன்ட்’ என்றால் நேரமும் பொருளும் வீணாகாமல் எடுத்த வேலையை முடிப்பவர். வேலை செய்ததைப் பார்த்த பிறகுதான் ஒருவரை அப்படிச் சொல்ல முடியும். நம் ஊரில் அது ‘தகுதி, திறமை’ என்றாகி, மதிப்பெண்ணாகி, கடைசியில் பிறப்பாகவே ஆகிவிட்டது. (சாக்கடைக்குள் இறங்குகிறவரிடம் யாரும் கட்-ஆஃப் கேட்டதில்லை.)

சொல் காகிதத்தோடு நிற்கவில்லை. 1996இல் வினோத் குமார் வழக்கில், பதவி உயர்வுக்கான தேர்வில் நமக்கு மதிப்பெண் தளர்த்துவது 335க்கு முரண் என்றது உச்ச நீதிமன்றம். அடுத்த ஆண்டே மத்திய அரசு அந்தச் சலுகையைத் திரும்பப் பெற்றது. அதை மீட்க 2000இல் 82ஆவது திருத்தம் தேவைப்பட்டது. 2006இல் நாகராஜ் வழக்கில் அதே சொல் மறுபடியும் நிபந்தனையாக வந்து நின்றது. 2019இல்தான், பவித்ரா வழக்கில், நீதிபதி சந்திரசூட் அதைத் திருப்பிப் போட்டார்: சமூகத்தின் எல்லாப் பிரிவினரும் இடம்பெறுவதும் நிர்வாகத் திறனில் அடக்கம் என்றார்.

இவ்வளவு வழக்குக்கு நடுவே யாராவது அளந்து பார்த்தார்களா? பார்த்தார்கள். அஸ்வினி தேஷ்பாண்டே, தாமஸ் வைஸ்காஃப் என்ற இரு பொருளியலாளர்கள் 1980 முதல் 2002 வரையிலான ரயில்வே கணக்குகளை ஆராய்ந்தார்கள். நம் ஊழியர்களின் பங்கு கூடியதால் உற்பத்தித் திறன் குறைந்தது என்பதற்குச் சான்றே கிடைக்கவில்லை. உயர் பதவிகளில் பங்கு கூடியபோது திறன் கூடியதாகவும் சில கணக்கீடுகள் காட்டின.

தம்பிக்கு அந்தக் கட்டுரையை அனுப்பினேன். ஆங்கிலம் கடினமாக இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து படிக்கப் போகிறோம்.