நாலு காயில், ஒரு காயில், மறுபடியும் நாலு காயில்

நான் பேசுறது நாரணாபுரத்திலிருந்து. சிவகாசியை ஒட்டின பட்டாசு ஊர். இங்கே மருந்து அறைக்குள்ளே போறதுக்கு முன்னாடி ஒரு தாமிரத் தகட்டைத் தொட்டுட்டுப் போகணும். உடம்பில் சேர்ந்திருக்கிற நிலைமின்சாரம் பூமிக்கு இறங்கிடணும், அதுக்காகத்தான். ஒரு சின்னப் பொறி போதும், அறையே போயிடும். அதே ஊர்த் தெருவில் ஒரு பெட்ரோல் கார் நிக்குது. அதோட எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 பொறி விழணும். தொடர்ந்து தவறினா வண்டி உதற ஆரம்பிச்சிடும். அந்தப் பொறியைத் தர்ற இக்னிஷன் காயிலோட கதைதான் இன்னைக்கு. நம்ம ஒர்க்‌ஷாப் பாஷையில் ஹெச்.டி. காயில்.

இதோட அடிப்படை காரைவிடப் பழசு. 1836-ல் அயர்லாந்தின் மேனூத் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த பாதிரியார் நிக்கலஸ் காலன், ஒரு இரும்புத் தண்டின் மேல் ரெண்டு கம்பிகளைச் சுத்தினார். தடிமனான கம்பி கொஞ்சம் சுற்று, மெல்லிய கம்பி ரொம்ப அதிகச் சுற்று. முதல் கம்பியில் ஓடுற மின்சாரத்தைச் சட்டுனு நிறுத்தினா, ரெண்டாவது கம்பியில் பெரிய வோல்டேஜ் எழும்பும். இன்னைக்கு நம்ம காரில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 20,000 வோல்ட்டுக்கு மேல் வர்றது இதே வழியில்தான்.

1908-ல் ஃபோர்டு மாடல் டி வந்துச்சு. நாலு சிலிண்டர், ஒரு மரப்பெட்டிக்குள்ளே நாலு காயில். ஒவ்வொரு காயில் மேலயும் அதிர்ந்துக்கிட்டே இருக்கிற ஒரு தகடு. எஞ்சின் மிஸ் ஆச்சுன்னா, ஓட்டுறவர் அந்தத் தகடுகளை விரலால் அழுத்தி அழுத்திப் பார்ப்பார். எதை அழுத்தும்போது எஞ்சின் சத்தம் மாறலையோ, அந்த சிலிண்டர்தான் வேலை செய்யலை. அப்புறம் அந்தக் காயிலைப் பக்கத்துக் காயிலோட இடம் மாத்துவார். கோளாறும் கூடவே போனா, காயில்தான் குற்றவாளி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கத்துக்க 1922-ல் கல்கத்தா போனப்போகூட, உலகத்துல பெரும்பாலான மாடல் டி ஓட்டுநர்களுக்கு இந்த வித்தை தெரிஞ்சிருந்தது.

இதுக்கு நடுவுல சார்லஸ் கெட்டரிங் என்கிற அமெரிக்கர் வேற வழி கொண்டுவந்தார். 1910 மாடல் கேடிலாக்கில் அது வந்துச்சு. ஒரே காயிலை வெச்சு எல்லா சிலிண்டருக்கும் பொறி கொடுக்கலாம். அதைப் பங்கு பிரிச்சுக் கொடுக்க டிஸ்ட்ரிபியூட்டர். நம்ம அம்பாசிடர், பத்மினி எல்லாம் இந்த ஏற்பாடுதான். 1961-ல் தொடங்கின லூகாஸ் டிவிஎஸ், சென்னை பாடியில் கார் மின்சாதனங்கள் செஞ்சது. அந்தக் காலத்து மெக்கானிக் பாயின்ட்டைத் தேய்ப்பார், கேப்பைத் துடைப்பார், கண்ணாலேயே கோளாறைப் பார்ப்பார். காயில் போச்சுன்னா வண்டி மொத்தமா நின்னுடும். யூகிக்க வேண்டிய வேலையே இல்லை.

எலக்ட்ரானிக்ஸ் வந்ததும் டிஸ்ட்ரிபியூட்டர் காணாமப் போச்சு. இப்போ பெரும்பாலான பெட்ரோல் கார்களில் ஒவ்வொரு பிளக் மேலயும் ஒரு காயில். மாடல் டி மாதிரி மறுபடியும் நாலு! இதில் ஒரு சிக்கல் இருக்கு. ஒரு காயில் போனாலும் வண்டி மூணு சிலிண்டரில் ஓடும். உதறும், பிக்-அப் இருக்காது, ஆனா ஓடும். அப்படியே ஓட்டினா எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், அங்கே இருக்கிற கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துடும். அதோட விலை காயிலைவிடப் பல மடங்கு. செக் எஞ்சின் லைட் விட்டு விட்டு எரிஞ்சா, அது சொல்றது இதைத்தான். ஓரங்கட்டிடுங்க.

இப்போ ஸ்கேனரை மாட்டினா ‘பி 0302’ன்னு வரும். ரெண்டாவது சிலிண்டர் மிஸ் ஆகுதுன்னு அர்த்தம். காயில் கெட்டுப்போச்சுன்னு அது சொல்லவே இல்லை! பிளக்கா இருக்கலாம், இன்ஜெக்டரா இருக்கலாம், கம்ப்ரஷனா இருக்கலாம். இங்கேதான் 1908 உதவுது. ரெண்டாவது காயிலை மூணாவதில் போடுங்க, மூணாவதை ரெண்டில் போடுங்க. கோடை அழிச்சிட்டு ஓட்டிப் பாருங்க. 0303 வந்தா காயில்தான். 0302 அப்படியே இருந்தா அடுத்து பிளக்கை இதே மாதிரி மாத்திப் பாருங்க.

கழட்டுறது கஷ்டமில்லை. எஞ்சின் ஆறணும், சாவியை எடுத்திருக்கணும். கனெக்டர் லாக்கை நோகாம விடுவிச்சு, போல்ட்டைக் கழட்டி, காயிலை லேசாத் திருப்பி மேல இழுக்கணும். ஓடுற எஞ்சினில் காயிலைப் பிடுங்கி பொறி வருதான்னு பார்க்கிற பழைய பழக்கம் வேண்டாம். ஷாக் அடிக்கும், காயிலும் போகும், பெட்ரோல் ஆவி இருந்தா தீயும் பிடிக்கும். எங்க ஊர்ல அந்தக் கடைசிக் காரணம் ஒண்ணே போதும்.

ஏன் செத்துச்சுன்னும் பாருங்க. பிளக் தேய்ஞ்சு இடைவெளி கூடினா, பொறி தாண்டுறதுக்கு காயில் இன்னும் அதிக வோல்டேஜ் தரணும். நாளாவட்டத்தில் உள்ளே இன்சுலேஷன் போயிடும். பிளக் குழியில் ஆயில் தேங்கினாலும் காயில் தாங்காது. பழைய பிளக்கை விட்டுட்டுப் புதுக் காயில் போட்டா, அதுக்கும் அதே கதிதான்.

அதனால நாலு காயிலையும் மாத்தணும்னு பில் வந்தா மூணு கேள்வி கேளுங்க. எந்த சிலிண்டர்? இடம் மாத்திப் போட்டுப் பார்த்தீங்களா? பிளக் எப்படி இருந்துச்சு? வேலை தெரிஞ்சவர் மூணுக்கும் சந்தோஷமா பதில் சொல்வார்.