மயலின் மீளுருவாக்கம்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் நோயெதிர்ப்புக் கலங்களே மூளை, முண்ணாண், பார்வை நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையைத் தாக்குகின்றன. இலங்கையில் அரிதான நோய்; நெடுங்கேணியில் ஒருவருக்குக் கால் மரத்துப்போனால் முதலில் வாதம் என்றுதான் நினைப்பார்கள். பாவனையிலுள்ள மருந்துகள் தாக்குதலைக் குறைக்குமே தவிர, சிதைந்த உறையைச் சீராக்கா.

சீராக்கும் ஆய்வில் பெரிதும் பேசப்பட்டது கிளமாஸ்டின் என்ற பழைய ஒவ்வாமை மருந்து. மயலின் உருவாக்கும் கலங்களை முதிரத் தூண்டும் என்று கருதி, சான்பிரான்சிஸ்கோவில் 50 நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் சைகையின் தாமதம் சராசரி 1.7 மில்லிசெக்கன் குறைந்தது. உறை மீள்வதற்கான சான்று அது. நோயாளர் உணரும் நிவாரணம் அல்ல. களைப்பும் கூடியது. பின்னைய சிறு ஆய்வொன்றில் சிலரது நோய் வேகமாக முற்றியது. மருந்தகத்தில் கிடைத்தாலும் வைத்தியரைக் கேட்காமல் இதை வாங்கி விழுங்கவேண்டாம்.