பழுது பார்ப்பதும் ஒரு பொறுப்பே

ஊரிலிருந்து வரும் உறவினருக்குத் தில்லிவாழ் தமிழராகிய நாம் காட்டி மகிழும் இடங்களுள் ஹுமாயூன் கல்லறையும் ஒன்று. 16ஆம் நூற்றாண்டில் எழுந்த அக்கட்டடத்தின் கூரைமீது 20ஆம் நூற்றாண்டில் கான்கிரீட்டை அடுக்கடுக்காக இட்டனர். நோக்கம் நன்றே, விளைவோ தீது. பாரம் ஏறியது, உட்புகுந்த ஈரம் வெளியேற வழியின்றித் தங்கியது. ஆகா கான் அறக்கட்டளையும் தொல்லியல் துறையும் மேற்கொண்டு 2013இல் நிறைவேற்றிய சீரமைப்பில், சுமார் 10 இலட்சம் கிலோ கான்கிரீட்டைப் பெயர்த்தகற்றிப் பழைய முறைப்படி சுண்ணாம்புக் காரையையே இட்டனர்.

கடுக்காயும் வெல்லமும் சேர்த்தரைத்த சுண்ணாம்பு நம் கோபுரங்களுக்கும் உரியதன்றோ! ஊர்க்கோயில் திருப்பணிக்குப் பொருளனுப்பும் நாம், "எவ்வளவு வேண்டும்?" என்பதோடு, "எதைக்கொண்டு பூசுகிறீர்கள்?" என்றும் கேட்போமாக.