கற்பிக்கக் கற்ற எம்மவர்: ஆசிரியக் கல்வியின் இருநூறு ஆண்டுகள்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறாவது ஆண்டில் காலடி எடுத்து வைத்திருக்கும் இவ்வேளையில், சங்கத்தின் உறுப்பினர் இடாப்புகளை ஒருமுறை புரட்டிப் பார்த்தோம். வைத்தியர்கள், பொறியியலாளர்கள், சட்டத்தரணிகள், கணக்காளர்கள் எனப் பெருமைப்படத்தக்க பலர் அதில் இருக்கிறார்கள். பரிசளிப்பு விழாக்களில் அவர்களுடைய பெயர்களை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். ஆனால், தொழில் என்ற நிரலில் பக்கத்துக்குப் பக்கம் திரும்பத் திரும்ப வருகின்ற சொல் 'ஆசிரியை' என்பதே. எம்மவர்களிற் பெரும்பாலானோர் செய்த வேலை இதுதான். அவர்கள் அந்த வேலையை எங்கே, எவ்வாறு கற்றுக்கொண்டார்கள் என்பது மட்டும் எமது மலர்களில் இதுவரை எழுதப்படவில்லை. அந்தக் கதையைச் சுருக்கமாகவேனும் இம்மலரில் பதிந்து வைக்க விரும்புகிறோம்.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும், 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையையும் தொடங்கினார்கள். அக்காலத்தில் ஆசிரியருக்கெனத் தனியான படிப்பு எதுவும் இருக்கவில்லை. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததைப் போலவே, மிஷன் பாடசாலைகளிலும் மேல்வகுப்புப் பிள்ளைகள் கீழ்வகுப்புகளைப் பார்த்துக்கொண்டார்கள். படித்து முடித்தவர்களிற் சிலர் அங்கேயே ஆசிரியரானார்கள். தமக்குக் கற்பித்தவர் எப்படிக் கற்பித்தாரோ அப்படியே தாமும் கற்பிப்பது என்பதே அன்றைய பயிற்சி. நல்ல ஆசிரியரிடம் படித்தவர் நல்ல பழக்கத்தைப் பெற்றார்; பிரம்பை நம்பியவரிடம் படித்தவர் பிரம்பையே பெற்றுக்கொண்டார்.

1869இல் அரசாங்கம் பொதுப்போதனாத் திணைக்களத்தை நிறுவியது. அதனைத் தொடர்ந்து பாடசாலைகளுக்கு நன்கொடை வழங்குவதற்கு 'பெறுபேற்றுக்கு ஏற்ற கொடுப்பனவு' என்னும் முறை வந்தது. வித்தியாதரிசி பாடசாலைக்கு வருவார். பிள்ளைகளை வாசிக்கவும் எழுதவும் கணக்குச் செய்யவும் சொல்லிப் பார்ப்பார். அவர்கள் காட்டும் பெறுபேற்றைப் பொறுத்துப் பாடசாலைக்குப் பணம் கிடைக்கும். இம்முறையால் கணக்கில் ஒழுங்கு வந்தது. ஆனால், வித்தியாதரிசி கேட்கப்போவதை மனனம் செய்விப்பதே கற்பித்தல் என்ற பழக்கமும் அதனோடு வேரூன்றியது. அந்தப் பழக்கத்தின் நிழல் இன்றைய தரம் 5 புலமைப்பரிசில் வகுப்புகளிலும் தெரிகிறது என்றால் மிகையாகாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1903இல், கொழும்பில் அரசினர் ஆசிரியர் கலாசாலை அமைந்தது. காலப்போக்கில் கோப்பாய், பலாலி, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை முதலிய இடங்களில் இயங்கிய கலாசாலைகள் தமிழ்மொழி மூல ஆசிரியர்களை உருவாக்கின. மிஷன்களும் சைவ நிறுவனங்களும் தத்தம் பயிற்சிப் பாடசாலைகளை நடத்தின. இங்கேதான் முதன்முதலாகக் கற்பித்தல் ஒரு கல்வியாயிற்று. பாடக்குறிப்பு எழுத வேண்டும். விரிவுரையாளரும் சக மாணவரும் பின்வரிசையில் அமர்ந்து பார்த்திருக்கப் பாடம் நடத்த வேண்டும். முடிந்ததும் குறைநிறைகளைக் கேட்க வேண்டும். எமது மூத்த ஆசிரியைகளின் கரும்பலகை எழுத்து அச்சுப்போல இருந்ததற்கும், பாடக்குறிப்புப் புத்தகமின்றி அவர்கள் வகுப்புக்குள் நுழையாததற்கும் காரணம் இந்தக் கலாசாலைகளே. 'பயிற்றப்பட்ட ஆசிரியை' என்ற சான்றிதழ் ஒரு பெண்ணுக்குத் தன் பெயரிலேயே சம்பளத்தைத் தந்தது. இதன் அருமை எமது பாட்டிமாருக்குத்தான் நன்கு தெரியும்.

பட்டதாரிகளின் நிலை வேறாக இருந்தது. 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது பாடசாலைக் கதவுகள் அகலத் திறந்தன; பட்டதாரி ஆசிரியர்களின் தேவையும் பெருகியது. பாடத்தை அறிந்தவருக்குப் படிப்பிக்கத் தெரியும் என்பதே அதுவரை இருந்த நம்பிக்கை. 1949இல் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை நிறுவப்பட்டமை அந்த நம்பிக்கையை அசைத்தது. பட்டம் பெற்ற ஒருவர் மீண்டும் மாணவராகிக் கல்வி உளவியல், கல்வித் தத்துவம், கல்வி வரலாறு, அளவீடும் மதிப்பீடும் ஆகியவற்றைக் கற்று, கற்பித்தற் பயிற்சியையும் முடிக்கலாயினர். அதுவே இன்று நாம் 'பட்டப்பின் கல்வி டிப்ளோமா' என்று அழைப்பது.

அதே 1949ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரல்ஃப் டைலர் ஒரு சிறிய நூலை வெளியிட்டார். எதற்காகக் கற்பிக்கிறோம், அதற்கு எத்தகைய அனுபவங்களைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும், அவற்றை எந்த ஒழுங்கில் அமைக்க வேண்டும், நோக்கம் நிறைவேறியதா என்பதை எப்படி அறிவது என்ற நான்கு வினாக்களே அதன் சாரம். கலைத்திட்டம் என்னும் துறையைக் கற்ற எவரும் இவ்வினாக்களைக் கடந்து வந்திருக்க மாட்டார்கள். அவருடன் பணியாற்றிய ஹில்டா டாபா அம்மையாரையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1902இல் எஸ்தோனியாவில் பிறந்து அமெரிக்காவில் கலாநிதிப் பட்டத்துக்குக் கற்ற அவருக்கு, தாயகத்துத் தார்த்துப் பல்கலைக்கழகத்தில் அவர் நாடிய பதவி கிடைக்கவில்லை. மீண்டும் அமெரிக்கா சென்ற அவர், கலிபோர்னியாவில் ஆரம்ப வகுப்பு ஆசிரியர்களுடன் சேர்ந்து சமூகக்கல்விப் பாட அலகுகளை உருவாக்கினார். கலைத்திட்டம் மேலிருந்து கீழே இறங்க வேண்டியதில்லை, வகுப்பில் நிற்கும் ஆசிரியர்கள் அலகுகளைச் செய்து பார்த்துத் திருத்துவதிலிருந்தே அது வளரலாம் என்பது 1962இல் அவர் எழுதிய நூலின் கருத்து. 1975இல் இங்கிலாந்தின் லோரன்ஸ் ஸ்டென்ஹவுஸ், ஆசிரியரே தம் வகுப்பின் ஆய்வாளர் என்றார்.

எமது நாட்டில் காற்று எதிர்த்திசையில் வீசியது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்கு மாறின. தாய்மொழி மூலக் கல்வி மேல்வகுப்புகளுக்கும் பரவியது. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் ஒருங்கிணைந்த விஞ்ஞானத்தையும் தொழில் முன்னிலைப் பாடங்களையும் நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது. கிராமத்துப் பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளைக்கும் ஒரே பாடம் என்பது பெரும் நன்மை. ஆனால், பாடம் கொழும்பிலே தீர்மானிக்கப்பட்டது. ஆசிரிய வழிகாட்டிகள் பலவும் சிங்களத்தில் எழுதப்பட்டு, பின்னர் மொழிபெயர்ப்பாக எம்மிடம் வந்தன. வகுப்பில் நின்றவரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. கருத்துச் சொல்ல வேண்டுமானால் அதற்குரிய படிப்பும் மொழியும் எம்மவரிடம் இருக்க வேண்டியிருந்தது.

அந்தப் படிப்பு மெல்ல மெல்லத் தமிழில் வாய்த்தது. 1974இல் திருநெல்வேலியில் தொடங்கிய யாழ்ப்பாண வளாகம் பின்னர் பல்கலைக்கழகமாகி, கல்வியியலை எமது வாசலுக்கே கொண்டுவந்தது. 1980இல் உருவான திறந்த பல்கலைக்கழகம், வேலையை விடாமலே டிப்ளோமாவைப் படிக்க வழி செய்தது. 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மகரகமையில் தேசிய கல்வி நிறுவகம் அமைந்தது. கலைத்திட்டம் ஆக்கும் பொறுப்பும் ஆசிரியருக்குக் கல்விமாணி, முதுகல்விமாணிப் பட்டங்கள் வழங்கும் பணியும் ஒரே கூரையின் கீழ் வந்தன. 1985 முதல் தோன்றிய கல்வியியற் கல்லூரிகள் இரண்டு ஆண்டுக் கற்கையையும் ஓராண்டுக் கட்டுறு பயில்வையும் இணைத்தன. பேராசிரியர்கள் சபா ஜெயராசா, சோ. சந்திரசேகரன் முதலியோர் கல்வியியலைத் தமிழில் எழுதினார்கள். கலைத்திட்டம், கணிப்பீடு, எண்ணக்கரு, மீளவலியுறுத்தல் போன்ற சொற்கள் ஆசிரியர் ஓய்வறையின் பேச்சுமொழியாயின.

இவையெல்லாம் போர்க்காலத்தில் நடந்தவை என்பதை இளைய சகோதரிகள் மறந்துவிடக் கூடாது. பலாலிக் கலாசாலை தன் இடத்தை விட்டுப் பெயர நேர்ந்தது. ஆசிரியர்கள் இடம்பெயர்ந்து போன பாடசாலைகளைத் தொண்டர் ஆசிரியர்கள், பெரும்பாலும் உயர்தரம் முடித்த இளம் பெண்கள், வருடக்கணக்கில் தாங்கி நின்றார்கள். நியமனம் கிடைத்த பிறகே அவர்களிற் பலருக்குப் பயிற்சி கிடைத்தது. வாரநாளில் ஐந்து நாள் படிப்பித்து, சனி, ஞாயிறு விரிவுரைகளுக்குப் பஸ் ஏறி, பிள்ளைகளை அம்மாவிடமோ மாமியிடமோ விட்டுச்சென்று, விளக்கொளியில் ஒப்படை எழுதிப் பட்டம் பெற்றவர்கள் எமது இடாப்பில் இருக்கிறார்கள்.

இத்தனை பாடும் எதற்காக? சம்பளப் படியேற்றத்துக்கும் பதவி உயர்வுக்கும் என்றால் அதில் தவறில்லை; உழைத்தவருக்கு அது உரியது. ஆனால், பிள்ளைக்கு அதனால் கிடைப்பது என்ன என்பதையும் நாம் கேட்க வேண்டும். ஒரு சிறு உதாரணம் சொல்வோம். 1/2, 1/3 ஆகிய பின்னங்களைக் கூட்டச் சொன்னால் 2/5 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். வித்தியாதரிசிக்குப் பயந்த ஆசிரியை பிழை போட்டுவிட்டு, விதியைப் பத்து முறை எழுதச் சொல்வார். கற்பித்தலைக் கற்ற ஆசிரியை, "இது எப்படி வந்தது, சொல்லுங்கோ பிள்ளை" என்று கேட்பார். மேலுள்ள எண்களைத் தனியாகவும் கீழுள்ள எண்களைத் தனியாகவும் கூட்டியிருப்பது அப்போது தெரியவரும். விடை அரையை விடக் குறைவாக இருக்க முடியுமா என்று ஒரு ரொட்டியைக் காட்டிக் கேட்டால், பிள்ளை தானே திருத்திக்கொள்ளும். டைலரின் நான்கு வினாக்களும் ஸ்டென்ஹவுஸின் ஆய்வாளரும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

இத்தகைய அவதானிப்புகளால் நிரம்பிய ஆய்வேடுகள் பலவற்றை எம்மவர்கள் எழுதியிருக்கிறார்கள். பின்னங்கள் பற்றி, மெல்லக் கற்போர் பற்றி, தோட்டப்புறப் பாடசாலைகளின் இடைவிலகல் பற்றி, போருக்குப் பின்னரான வகுப்பறைகள் பற்றி எனத் தலைப்புகள் நீளுகின்றன. பட்டமளிப்பு முடிந்ததும் அவை பல்கலைக்கழக நூலகத்தின் தட்டில் உறங்கிப்போகின்றன. பக்கத்து வகுப்பு ஆசிரியைக்குக்கூட அது தெரியவருவதில்லை.

ஆகவே, உலகெங்கும் பரந்து வாழும் எமது சகோதரிகளிடம் இந்நூற்றாண்டில் ஒன்றைக் கேட்கிறோம். நீங்கள் கல்வியியலில் டிப்ளோமாவோ முதுமாணியோ கலாநிதியோ முடித்தவராயின், ரொறன்ரோவிலோ லண்டனிலோ மெல்பேணிலோ கிளிநொச்சியிலோ எங்கிருந்து கற்றிருந்தாலும், உங்கள் ஆய்வில் கண்டதைத் தமிழில் நான்கு பக்கங்களுக்குள் எழுதி, ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள். பட்டத்துக்குப் போகாமல் முப்பது ஆண்டுகள் தரம் 1இல் அரிச்சுவடி கற்பித்தவர்களும் தாங்கள் கண்டறிந்ததை எழுத வேண்டும். அதுவும் ஆய்வுதான். நூலகத்தில் ஒரு தட்டை அதற்கென ஒதுக்கித் தர எமது சங்கம் தயாராக இருக்கிறது.

அடுத்த தைமாதத்தில் வெண்கட்டியோடு முதல்முறையாக வகுப்புக்குள் நுழையப்போகும் எமது இளம் ஆசிரியை, தனக்கு முன்னே நின்றவர்கள் கண்டதை அறிந்துகொண்டு தொடங்கட்டும்.