போர்க்கள அறிக்கையும் டால்ஸ்டாயின் எழுத்தும்

லியோ டால்ஸ்டாய் எழுத்தாளராக உருவானது ரஷ்யப் படையின் பீரங்கிப் பிரிவில்தான். 1851இல் அண்ணன் நிக்கொலாயுடன் காக்கசஸ் மலைப்பகுதிக்குப் போனவர், மறு ஆண்டு படையில் சேர்ந்தார். அவருடைய முதல் படைப்பான ‘குழந்தைப் பருவம்’ அதே 1852இல் ‘சவ்ரெமென்னிக்’ இதழில் வெளியாயிற்று.

கிரிமியப் போர் மூண்டபின், 1854 நவம்பரில் செவஸ்தபோல் வந்து சேர்ந்தார். பிரிட்டிஷ், பிரெஞ்சு, துருக்கியப் படைகள் அத்துறைமுக நகரை ஏறத்தாழ 11 மாதம் முற்றுகையிட்டிருந்தன. 1855 வசந்தத்தில், குண்டுமழைக்கு அதிகம் இலக்கான நான்காம் கொத்தளத்தில் டால்ஸ்டாய் பணியாற்றினார். எழுத்தும் அங்கேயே தொடர்ந்தது.

அவ்வாறு பிறந்தவை மூன்று செவஸ்தபோல் சித்திரங்கள். முதலாவது, வாசகரை ‘நீங்கள்’ என்று விளித்து நகருக்குள் நடத்திச் செல்கிறது. மருத்துவமனையாக மாற்றப்பட்ட மண்டபத்தில் கால் இழந்த ஒரு பெண் கிடக்கிறாள். கொத்தளத்தில் இருந்த மாலுமிக் கணவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது குண்டு பட்டவள் அவள். இரண்டாவது, சாவுக்கு நடுவிலும் பதவியையும் பதக்கத்தையும் கணக்குப் பார்க்கும் அதிகாரிகளைக் காட்டியது. தணிக்கையாளர் அதை வெட்டிக் குதறியதால் பெயரின்றியே அச்சானது. 1856 ஜனவரியில் வந்த மூன்றாவதில்தான் டால்ஸ்டாயின் முழுப்பெயர் முதன்முதலாக இடம்பெற்றது.

1855 செப்டம்பரில் நகர் வீழ்ந்தது. கொத்தளங்களிலிருந்து பீரங்கி அதிகாரிகள் அனுப்பிய இருபதுக்கு மேற்பட்ட அறிக்கைகளை ஒன்றாகத் தொகுக்கும் வேலை டால்ஸ்டாயிடம் ஒப்படைக்கப்பட்டது. புகையில் எதிரே நடந்ததையே சரியாகக் காண முடியாதவர்கள், மேலிடம் எதிர்பார்த்தபடி எழுதியவை அவை. வெள்ளந்தியான, தவிர்க்க முடியாத போர்ப் பொய்க்கு அவை சிறந்த மாதிரிகள் என்று 1868இல் எழுதிய கட்டுரையில் அவர் நினைவுகூர்ந்தார்.

1856 நவம்பரில் படையிலிருந்து விலகினார். அந்த அனுபவம் 1865 முதல் 1869 வரை வெளிவந்த பெருநாவலில் கதையாயிற்று, தமிழில் டி.எஸ். சொக்கலிங்கம் ‘போரும் வாழ்வும்’ என்று மொழிபெயர்த்தது அதைத்தான். அதில் ஷோன்கிராபன் போரில் எதிரியைத் தடுத்து நிறுத்துவது துஷின் என்ற எளிய கேப்டனின் பீரங்கிப்படை. போர் முடிந்ததும் இரண்டு பீரங்கிகளை விட்டுவந்ததற்காக அவனையே கேள்வி கேட்கிறார்கள்; இளவரசர் ஆந்திரேய் குறுக்கிட்டு உண்மையைச் சொல்கிறார். அதே போரில் காயம்பட்டு ஓடிய நிக்கொலாய் ரஸ்தோவ், பின்னர் நண்பர்களிடம் அதை விவரிக்கையில், தன்னையறியாமலே வீரக்கதையாக மாற்றிவிடுகிறான். கேட்பவர்கள் எதிர்பார்த்ததும் அதுவே.