தாகித்த நாயும் நீரற்ற தீவும்

வழிப்போக்கர் ஒருவர் கடும் தாகத்தால் கிணற்றில் இறங்கி நீர் அருந்தினார். ஏறி வந்தபோது, தாகம் தாளாமல் ஈரமண்ணை நக்கும் நாயொன்றைக் கண்டார். மீண்டும் இறங்கித் தம் தோல் காலுறையில் நீர் நிரப்பி, அதை வாயில் கவ்வியபடி ஏறி வந்து நாய்க்குப் புகட்டினார். அல்லாஹ் அவரை மன்னித்தான். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான இந்த ஹதீஸை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவர்.

உஸ்மானியர் கால இஸ்தான்பூல் மக்கள் இதனைச் செயலில் காட்டினர். நாயை வீட்டினுள் சேர்க்காதவர்களும் தெருநாய்களுக்கு உணவும் நீரும் வைத்ததை ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதியுள்ளனர்.

1910இல் நிலைமை மாறியது. நகரை நவீனமாக்க விரும்பிய ஆட்சியாளர்கள் பல்லாயிரம் நாய்களைப் பிடித்து, மர்மரா கடலிலுள்ள சிவ்ரிஅடா என்னும் பாறைத்தீவில் விட்டனர். அங்கே குடிநீர் இல்லை. நாய்கள் தாகத்தாலும் பசியாலும் மடிந்தன. பின்னர் நேர்ந்த துன்பங்களை அப்பாவத்தின் விளைவென்றே மக்கள் பலர் கருதினர்.

நாய் வாய்வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவப் பணித்த நபி (ஸல்) அவர்களே, அதன் தாகம் தீர்த்தவருக்கு மன்னிப்புக் கிடைத்ததையும் அறிவித்தார்கள். ஆகவே, நஜீஸ் என்னும் அச்சம் நம் இரக்கத்தைத் தடுக்கலாகாது. இக்கோடையில் தெருநாய்களுக்கெனத் தனியே ஒரு மண்சட்டியை வாசலுக்கு வெளியே நிழலில் வைத்து, நாள்தோறும் நீரை மாற்றுவோம். அல்லாஹ் நம் உள்ளங்களில் இரக்கத்தை நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.