நஞ்சு விழுந்திட்டுதோ?

பசு கன்று போட்டால் எங்கள் வீட்டில் முதற் கேள்வி நாகோ நாம்பனோ என்பது. அடுத்தது, "இளங்கொடி விழுந்திட்டுதோ?" அது விழும்வரை அம்மம்மா மாட்டுக்கொட்டிலை விட்டு அசைய மாட்டா. அசந்தால் மாடு அதைத் தின்றுவிடும். விழுந்ததும் வைக்கோலோடு பழைய சாக்கில் சுற்றி, ஆலமரத்தில் நாய் எட்டாத உயரத்தில் கட்டுவிப்பா. பால் வடியும் மரத்தில் தொங்கினால் மாட்டுக்கும் பால் பெருகும் என்பது அவவின் கணக்கு.

அதே அம்மம்மா, பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் இளங்கொடி என்று சொல்லமாட்டா. அங்கே அது நஞ்சுக்கொடி. மாட்டுக்கு இளமை, மனிசிக்கு நஞ்சா என்று சின்ன வயதில் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நஞ்சுக்கொடி, நச்சுக்கொடி இரண்டும் ஒன்றுதான். மருந்து 'மருத்துப்பை' ஆவதுபோல நஞ்சு நச்சு ஆகிறது. நச்சுதல் என்றால் விரும்புதல் என்றும் பொருள் உண்டே, அன்புக்கொடி என்று கொள்ளலாமே என்று யாரும் கிளம்பக்கூடும். கேட்க இனிமைதான். ஆனால் கொடி சேராமல் தனியே 'நஞ்சு விழுந்தது' என்றும் சொல்கிறோமே, அங்கே விருப்பத்துக்கு இடமில்லை. எனக்குத் தோன்றுவது நேரான விளக்கம்: பிள்ளை வந்தபின் அது உள்ளே தங்கினால் இரத்தம் நில்லாது பெருகும், துண்டு மிஞ்சினால் அழுகும், காய்ச்சல் வரும், தாய் போய்விடுவாள். அன்ரிபயோட்டிக் இல்லாத காலத்து மருத்துவிச்சி வைத்த பெயர் வேறு எப்படி இருக்கும்?

ஐரோப்பியர் அதைக் கண்டது அறுவை மேசையில். 1559 இல் வெளிவந்த உடற்கூற்று நூலில் இத்தாலியரான ரியால்டோ கொலம்போ அதற்கு 'பிளசென்ரா' என்று பெயரிட்டார். லத்தீனில் அது தட்டையான பணியாரம். கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டிலேயே கேட்டோ என்ற ரோமர் அதைப் பாற்கட்டியும் தேனும் சேர்த்துச் செய்யும் முறையை எழுதிவைத்திருக்கிறார். நிறைமாதத்தில் அரைக் கிலோ எடையும் ஒரு சாண் அகலமுமாய் வந்து விழுவதைப் பார்த்தால் ரொட்டி நினைவு வருவது குற்றமில்லை. ஜெர்மன்காரர் இன்றும் 'தாய்ப்பணியாரம்' என்றே சொல்கிறார்கள்.

வடமொழியில் கருவைச் சுற்றிய உறைக்குச் சராயு என்று பெயர். ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையைப் பாடமாக்கிய பிள்ளைகள் எல்லோரும் உயிர்களின் நால்வகைத் தோற்றத்தில் அதைச் சொல்லியிருப்பார்கள்: அண்டசம், சுவேதசம், உற்பிச்சம், சராயுசம். நானும் ஒப்பித்துப் பரிசு வாங்கினேன். நான்காவது சொல்லுக்குள் இருந்தது அம்மம்மா கொட்டிலில் காத்திருந்த பொருள்தான் என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை.

பள்ளிக்கூடத்தில் இன்னொரு பெயர் வந்தது: சூல்வித்தகம். இலங்கைக் கலைச்சொல்லாக்கத்தின் பிள்ளை இது. வித்து, அகம் என்று பிரித்துப் படித்தால் சூலின் வித்து வாழும் வீடு. தாவரவியலிலும் இதே சொல்தான். தின்னவேலிச் சந்தையில் வாங்கிய பச்சை மிளகாயொன்றை நீளவாக்கில் பிளந்தால், விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசை தெரியும். அது மிளகாயின் சூல்வித்தகம். உறைப்பு ஊறுவதும் அதில்தான்; விதையில் என்று நினைப்பது தவறு. அங்கேயும் ஒரு நஞ்சு!

சந்தையிலிருந்து கொஞ்சத் தூரத்தில், 1978 இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம். உயர்தரத்தில் சூல்வித்தகம் படித்த பிள்ளை அங்கே ஆங்கிலத்தில் பிளசென்ரா படித்து, வார்டில் தாயிடம் நஞ்சுக்கொடி என்கிறது. இத்தனைக்கும், மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியரான டொக்டர் கிறீன் 'பிரசவ வைத்தியம்' என்ற நூலைத் தமிழில் கொண்டுவந்தது 1857 இல்.

கொடி செய்யும் வேலையைச் சொல்ல இன்று ஓமோன் என்ற சொல்லும் வேண்டும்; கிறீன் காலத்தில் அது உலகிலேயே இல்லை. 1905 இல் லண்டனில் ஏர்ணஸ்ற் ஸ்ராலிங் அதைப் பொதுவெளியில் வைத்தார். கிரேக்கத்தில் 'கிளப்பிவிடுகிறேன்' என்று பொருள். தமிழ்நாட்டார் ஹார்மோன் என்று ஒலியை எடுத்தாலும், அவர்களுடைய 'இயக்குநீர்' மூலத்துக்கு இன்னும் கிட்ட நிற்கிறது. ஈஸ்திரஜன் என்ற ஓமோனின் பெயருக்கு உள்ள வேர் இன்னும் வேடிக்கை: மாட்டைக் கடித்து வெறிகொண்டு ஓடவைக்கும் ஈயின் கிரேக்கப் பெயர் அதில் இருக்கிறது.

ஈஸ்திரஜனும் புரொஜெஸ்தரோன் என்ற ஓமோனும் கருப்பையின் குருதிக் குழாய்களில் செய்வதைச் சொல்லப் போனால் சொல் மறுபடி இடறும். எங்கள் பாடநூலில் நாடி இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுபோவது, நாளம் திருப்பிக் கொண்டுவருவது. தமிழ்நாட்டில் அவை தமனி, சிரை. அங்கே இரத்த நாளம் என்றால் எந்தக் குருதிக் குழாயும். அங்கிருந்து வந்த கட்டுரையில் 'நாளம் விரிகிறது' என்று வாசிக்கும் எங்கள் மாணவர் பிழையான குழாயை நினைத்துக்கொள்வார். விரிவது நாடி. கருப்பைச் சுவரில் புரொஜெஸ்தரோன் சுருள் நாடிகளை நீளவைக்கிறது. அது வற்றினால் அவை இறுகி மாதவிடாய் வருகிறது. கரு தங்கிவிட்டால் சூல்வித்தகத்தின் கலங்கள் அந்த நாடிகளுக்குள் புகுந்து தசைச் சுவரைக் கரைத்து, இறுக முடியாத அகன்ற வாய்களாக்குகின்றன. ஈஸ்திரஜன் பெரிய நாடிகளில் நைத்திரிக் ஒட்சைட்டைச் சுரக்கவைத்து அவற்றைத் தளர்த்துகிறது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லீற்றருக்கு மேல் குருதி பாய்கிறது.

கொடியின் பக்கம் கட்டளை கொண்டுபோக நரம்பு இல்லை. அங்கே குழாய் விரிவதும் இறுகுவதும் குருதியில் வரும், அங்கேயே ஊறும் இரசாயனங்களின் சொற்படிதான். தொப்புள்கொடியை வெட்டினால் தாய்க்கும் வலிக்காது, பிள்ளைக்கும் வலிக்காது. தமிழகத்து மேடைகளில் எங்களைத் தொப்புள்கொடி உறவு என்று சொல்லும்போதெல்லாம் இது எனக்கு ஞாபகம் வந்து தொலைக்கிறது.

சுருள் நாடிகள் சரியாக அகலாத கர்ப்பங்களில் தாயின் இரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரில் புரதம் போகும், முற்றினால் வலிப்பு. ஆங்கில வைத்தியர் ஒரு காலத்தில் இதைக் 'குருதியில் நஞ்சு' என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். தேடிய நஞ்சு அகப்படாததால் அந்தப் பெயரைக் கைவிட்டார்கள். 2003 இல் பொஸ்ரனில் ஆனந்த் கருமாஞ்சியின் குழு, நோயுற்ற சூல்வித்தகம் ஒரு புரதத்தை மிகையாகத் தாயின் குருதியில் விடுவதையும், குழாய்களைப் பேணும் காரணிகளை அது பிடித்து முடக்குவதையும் காட்டியது. மருத்துவிச்சி அறிந்து வைத்த பெயர் என்று நான் சொல்லமாட்டேன். அவள் பயந்தது வேறொன்றுக்கு. ஆனாலும் அந்தக் கட்டுரையைப் படித்த இரவு அம்மம்மாவை நினைத்துக்கொண்டேன்.

இந்த நோய்க்கு இன்றும் கொடி வெளியே வருவதுதான் தீர்வு. வந்த பிறகும் சில நாட்களுக்கு, பிறஷர் இறங்கும்வரை, தாதிமார் அந்தக் கட்டிலை விட்டுத் தூரப் போகமாட்டார்கள்.